முக்திநாத் வழியில் எங்கே சாப்பிடுவது? பேனிக்கு மேலே சைவச் சாப்பாடு

தாம்பரத்துக்காரி

வரும் அக்டோபரில் குடும்பமாக நேபாளத்து முக்திநாத் கோயிலுக்குக் கிளம்புகிறோம். அப்பா, அம்மா, மாமியார், நாங்கள் இரண்டு பேர், இரண்டு பிள்ளைகள். மாமியார் வெங்காயம், பூண்டு தொட மாட்டார். அப்பாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். பிள்ளைகள் கல்லைத் தின்றாலும் செரிக்கும் ரகம்.

போக்ராவிலிருந்து ஜீப்பில் ஏறி அதே வழியில் இறங்குவதாகத் திட்டம். போக்ராவில் ஓட்டலுக்குப் பஞ்சமில்லை என்று தெரியும். நான் கேட்பது வழியில் பேனி என்ற ஊர் தாண்டிய பிறகு. யாத்திரை ஏற்பாடு செய்பவர் ஒருவர், "மேலே நம்ம சாப்பாடு ஒன்றும் கிடைக்காது, சமையல்காரரோடு போகும் எங்கள் குழுவில் சேர்ந்துவிடுங்கள்" என்கிறார். அவர் சொல்லும் தொகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. உண்மையிலேயே ஒன்றும் கிடைக்காதா?

புல்லட்கோவை

கிடைக்காதா! அந்த ரோடு முழுக்க அடுப்படிதான் அக்கா. பேனி, தாத்தோபானி, துக்குச்சே, மார்ஃபா, ஜோம்சோம், காக்பேனி, எங்கே வண்டியை நிறுத்தினாலும் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கும். தால் பாத் என்று சொன்னால் போதும். சோறு, பருப்பு, கீரை, உருளைக்கிழங்கு, ஊறுகாய். சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். அந்த ஏஜென்ட் நம்பரை பிளாக் பண்ணிவிட்டுக் கிளம்புங்கள்.

போக்ராவாசி

வேலை நிமித்தமாகப் போக்ராவில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் முக்திநாத்துக்கு என்னைத்தான் துணைக்கு இழுப்பார்கள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சாப்பாட்டு நேரம். இதுதான் நம்மவர்களுக்குப் பிடிபடாமல் போவது. நேபாள மலைக்கிராமங்களில் சோறு ஒரு நாளைக்கு இரண்டு வேளைதான்: காலை ஒன்பதரை, பத்து மணிக்கு ஒன்று, இரவு ஏழு மணி வாக்கில் ஒன்று. நடுவில் பசித்தால் நூடுல்ஸ், மோமோ, அவல், டீ. நீங்கள் மதியம் இரண்டு மணிக்குப் போய்ச் சாப்பாடு கேட்டால், காலையில் வடித்தது தீர்ந்திருக்கும். புதிதாக உலை வைக்க வேண்டும். முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும். அதைத்தான் நம்மவர்கள் ஊருக்கு வந்து "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று சொல்கிறார்கள்.

அதனால் போக்ராவில் விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்புங்கள். பேனி வரை சுமார் 80 கிலோமீட்டர். அங்கே டீ. பத்து, பத்தரை மணிக்குத் தாத்தோபானியில் முதல் சோறு. வெந்நீர் ஊற்று இருக்கும் ஊர், 1,200 மீட்டர் உயரம்தான், ஆரஞ்சும் எலுமிச்சையும் விளையும் இடம். காய்கறி தாராளம். மேலே போகப் போக இலைக் காய்கறி குறையும், உருளைக்கிழங்கும் பீன்ஸ் விதையும் கூடும்.

இரண்டாவது, எந்தக் கடை. அந்தப் பள்ளத்தாக்கில் சமையலுக்குப் பேர் போனவர்கள் தகாலிகள். துக்குச்சே, மார்ஃபா, லார்ஜுங் பக்கத்துச் சொந்தக்காரர்கள். திபெத்திலிருந்து உப்பும் கீழேயிருந்து நெல்லும் காலி கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில், கழுதைக்காரர்களுக்கும் வியாபாரிகளுக்கும் சத்திரம் நடத்திய வம்சம். உப்பு வியாபாரம் போனது, சத்திரம் நிலைத்தது. இன்று நேபாளம் முழுக்க "தகாலி பான்சா" (தகாலி அடுப்படி) என்று பலகை மாட்டிய கடைகள் இருக்கின்றன. ஆனால் தகாலிச் சமையலை அதன் சொந்த மண்ணில் சாப்பிடுவது தனி. பித்தளைத் தட்டைத் துலக்கி அடுக்கி வைத்திருக்கும் சமையலறையைப் பார்த்தாலே உங்கள் மாமியாருக்குப் பாதி சமாதானம் ஆகிவிடும்.

தட்டில் என்ன வரும்? நடுவில் சோறு, மேலே ஒரு கரண்டி நெய். தோலோடு உடைத்த கறுப்பு உளுந்தை இரும்புச் சட்டியில் வேகவைத்த பருப்பு. கடுகுக் கீரைப் பொரியல். உருளைக்கிழங்கு. குந்துருக் என்று, கீரையைப் புளிக்க வைத்துக் காயப்போட்ட வற்றலில் செய்யும் புளிப்புச் சாறு. அப்புறம் திமூர் என்ற மலை மிளகு போட்ட தக்காளித் துவையல். திமூர் நாக்கைக் கொஞ்சம் மரத்துப்போக வைக்கும், பயப்பட வேண்டாம். சோற்றுக்குப் பதில் டிடோ கேட்கலாம். பாப்பரை (பக்வீட்) மாவைக் கொதிநீரில் கொட்டிக் கிளறுவது, நம் கேழ்வரகுக் களிக்கு ஒன்றுவிட்ட தங்கை. அதே மாவில் விரல் நீளத்துக்குச் செய்து பொரிப்பது காஞ்செம்பா. உங்கள் பிள்ளைகள் அதை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, ஓட்டுநர். அவருக்குச் சில கடைகளில் சாப்பாடு இலவசம், அங்கேதான் நிறுத்துவார். அது அவர் தப்பில்லை, உலகம் முழுக்க நடப்பதுதான். ஆனால் கிளம்பும்போதே, "பத்து மணிக்குத் தாத்தோபானி, சைவம்" என்று சொல்லிவிடுங்கள். அவரே போன் பண்ணி ஏழு பேருக்கு உலை வைக்கச் சொல்லிவிடுவார். போய் இறங்கினால் தட்டு தயார்.

ஸ்ரீரங்கத்து மாமா

போக்ராவாசி அவர்களே, விவரமாக எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்தக் கறுப்புப் பருப்பில் நெய்யில் பொரித்துக் கொட்டுகிறார்களே ஜிம்பு, அது என்ன? காய்ந்த வைக்கோல் மாதிரி இருக்கும். வெங்காயம், பூண்டு குடும்பத்துச் செடி அது. முஸ்தாங் மலையில் தானாக முளைப்பது. "வெங்காயம் பூண்டு போடாதே" என்றால் அவர்கள் போட மாட்டார்கள், மனசாட்சியோடுதான் சமைக்கிறார்கள். ஆனால் ஜிம்புவை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், தாளிப்பில் போட்டுவிடுவார்கள். வாசனையைப் பிடித்து நான் கேட்ட பிறகுதான் அந்த அம்மாளே டப்பாவைத் திறந்து காட்டினார்.

முக்திநாத், அதாவது திருச்சாளக்கிராமம், ஆழ்வார்கள் பாடின திவ்யதேசம். 108-இல் ஒன்றைச் சேவிக்கப் போகிறவர்கள், வழியில் இதைக் கவனிக்க வேண்டாமா? அதனால்தான் குழுவோடு, நம் ஆள் சமைத்துப் போடுகிற ஏற்பாடே உத்தமம் என்பது என் கட்சி.

போக்ராவாசி

மாமா சொல்வது சரி. ஜிம்பு வெங்காய இனம்தான். வேண்டாம் என்பவர்கள் ஒரே மூச்சில் இப்படிச் சொல்லுங்கள்: "ப்யாஜ், லசுன், ஜிம்பு நஹால்னுஸ்." போடாதீர்கள் என்று அர்த்தம். ஜீரகம் தாளித்துக் கொடுப்பார்கள். சொல்ல வேண்டியது தட்டு வரும்போது இல்லை, உலை வைக்கும்போது. பருப்பு மொத்தமாகக் கொதித்துத் தாளித்த பிறகு சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்?

சிவப்பு மசூர் பருப்பைத் தவிர்க்கிறவர்களும் உண்டு. பேனி, தாத்தோபானி பக்கம் அது கலந்து வரும். மேலே தகாலி வீடுகளில் கறுப்பு உளுந்து கிடைக்கும், கேட்டு வாங்கலாம்.

புல்லட்கோவை

மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஜிம்பு இல்லாத அந்தக் கறுப்புப் பருப்பு உப்பில்லாப் பண்டம். உங்கள் பங்கு ஜிம்புவையும் எனக்கே சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

ஸ்ரீரங்கத்து மாமா

தாராளமாக எடுத்துக்கொள்ளும் தம்பி.

பந்திக்கரண்டி

இந்த இழையில் சமையல்காரன் யாரும் பேசவில்லையே என்று வந்தேன். யாத்திரைக் குழுக்களோடு கைலாஷ், முக்திநாத் என்று அண்டாவும் குக்கருமாகப் போய் வருகிறவன். எங்கள் பிழைப்பைக் கெடுக்கிற மாதிரி இருந்தாலும் உள்ளதைச் சொல்கிறேன்.

ராணிபவ்வா, அதாவது கோயிலுக்குக் கீழே லாட்ஜ்கள் இருக்கும் இடம், 3,700 மீட்டர். அங்கே தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். பார்க்கக் குபுகுபுவென்று கொதிக்கும், துவரம்பருப்பு வேகாது. திறந்த அண்டாவில் சோறு வடித்தால் வெளியே குழைந்து உள்ளே நறுக்கென்று இருக்கும். எல்லாமே குக்கரில்தான் நடக்கும், குக்கரிலும் நம் ஊர் விசில் கணக்கு உதவாது, கூடுதலாக விசில் விட வேண்டும். இட்லி மாவை ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் வைத்த மாதிரியே இருக்கும், அந்தக் குளிரில் பொங்காது. கம்பளியில் சுற்றி அடுப்பு மேடையில் வைத்துக் கெஞ்சிப் பார்த்திருக்கிறேன். இட்லி என்று விளம்பரத்தில் போடுகிறவர்கள் பெரும்பாலும் ரெடிமேட் ரவா இட்லி மாவைக் கொண்டுபோய்ச் சமாளிக்கிறவர்கள்.

ஆக, நாங்கள் மேலே போய் என்ன சமைக்கிறோம்? உப்புமா, சேமியா, புளிக்காய்ச்சல் பிசைந்த சாதம், ரசம், அப்பளம். சாம்பார் வைத்தால் அது போக்ராவிலேயே வறுத்து அரைத்துக் கொண்டுவந்த பொடியில். குழு பெரியதாக இருந்து, எல்லோரும் வயதானவர்களாக, ஆசாரம் பார்க்கிறவர்களாக இருந்தால் எங்களைக் கூட்டிப்போவதில் நியாயம் உண்டு. ஏழு பேர் குடும்பத்துக்கு, அதுவும் ஜீப்பில் போவதற்கு, வேண்டாம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அந்த லாட்ஜ்களில் அறை வாடகையை மலிவாக வைத்திருப்பார்கள். காரணம், ராத்திரிச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அங்கேயே சாப்பிடுவார்கள் என்ற நம்பிக்கை. அவர்களுக்கு வருமானமே சமையலறையில்தான். நாங்கள் அடுப்பைக் கட்டி இறக்கும்போது அந்த அம்மாள் முகத்தைப் பார்க்க வேண்டும். சிலர் அடுப்படிக்குத் தனியாகக் காசு கேட்பார்கள், சிலர் அறை வாடகையைக் கூட்டிவிடுவார்கள். அது நியாயமான கணக்கு. யாத்திரை ஏற்பாட்டாளர்கள் இதை முன்கூட்டிப் பேசாமல் ராத்திரி எட்டு மணிக்குச் சண்டை போடுவார்கள். நடுவில் மாட்டிக்கொள்கிறவன் சமையல்காரன்.

தாம்பரத்துக்காரி

அண்ணா, நீங்களே இப்படிச் சொன்ன பிறகு குழு யோசனையை விட்டாச்சு. மாமியாரிடம் ஜிம்பு விஷயத்தையும் சொல்லிவிட்டேன். "அந்த அம்மாளிடம் நானே பேசிக்கொள்கிறேன்" என்கிறார், எந்த மொழியில் என்று தெரியவில்லை. தயிர்சாதம் இல்லாமல் அவருக்கு ஒரு வேளை நிறையாது. தயிர் கிடைக்குமா?

பந்திக்கரண்டி

போக்ராவில் கிடைக்கும், பேனியில் கிடைக்கும். அதற்கு மேல் அதிர்ஷ்டம். குளிரில் உறையாது, மாடு வைத்திருக்கும் வீடாக இருந்தால் அடுப்பு ஓரத்தில் மரப்பாத்திரத்தில் கொஞ்சம் இருக்கலாம். டீயே பல இடத்தில் பால் பவுடரில்தான். கிளம்பும் அன்று போக்ராவில் தயிர் வாங்கி, காலையில் வடித்த சாதத்தில் பால் நிறைய, தயிர் கொஞ்சமாகப் பிசைந்து எடுத்துக்கொள்ளுங்கள். அன்று முழுக்கத் தாங்கும். மறுநாள் மோர்மிளகாயை வைத்துச் சமாளிக்கச் சொல்லுங்கள்.

ஊறுகாய் பாட்டிலைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். சென்னையில் இறுக்கி மூடிய பாட்டில், மேலே காற்றழுத்தம் குறையும்போது எண்ணெயைக் கக்கும். சிப்ஸ் பாக்கெட்டெல்லாம் தலையணை மாதிரி உப்பும். நல்ல புடவைக்கு நடுவில் ஆவக்காயைச் சொருகி வைத்த ஒரு அம்மாளின் பெட்டியை நான் பார்த்திருக்கிறேன். வழியில் ஒருமுறை மூடியைத் திறந்து மூடுங்கள். பாட்டிலைவிட பிளாஸ்டிக் டப்பா, இரண்டு கவர்.

யாழ்நடை

நாங்கள் மனாங் பக்கத்தால் நடந்து, தோரோங் லா கணவாய் (5,416 மீட்டர்) கடந்து முக்திநாத்தில் இறங்கியவர்கள். நடைபாதை விடுதிகளில் விலைப்பட்டியல் ஒரு பகுதிக்கு ஒரே மாதிரி இருக்கும், உயரம் கூடக்கூட விலையும் கூடும். எல்லாம் முதுகிலும் கழுதையிலும் ஏறி வந்த சாமான், பேரம் பேசுவது அழகில்லை. ஜீப் பாதையில் அவ்வளவு இல்லை என்றாலும் போக்ராவை விடக் கூடத்தான்.

எங்களுக்குப் பிடித்தது காக்பேனி. காலி கண்டகியும் ஜோங் ஆறும் சேரும் இடம், பழைய மண்வீட்டுச் சந்துகள். அங்கே யாக்டொனால்ட்ஸ் என்று ஒரு கடை, சிவப்பும் மஞ்சளுமாகப் பலகை போட்டிருக்கும், பிள்ளைகள் கட்டாயம் படம் எடுப்பார்கள். பாப்பரை ரொட்டியும் தேனும் ஒரு வீட்டில் தந்தார்கள், கனக்க நல்லாயிருந்தது. உப்பும் வெண்ணெயும் போட்ட திபெத்தியத் தேத்தண்ணியும் தந்தார்கள். அதைத் தேத்தண்ணி என்று நினைத்துக் குடிக்கக் கூடாது, சூப் என்று நினைத்துக் குடித்தால் இறங்கும்.

மார்ஃபாவில் அப்பிள். 1966-இல் அரசாங்கத் தோட்டப்பண்ணை தொடங்கிய பிறகு அந்த ஊரே அப்பிள் ஊராகிவிட்டது. நீங்கள் போகும் ஐப்பசி வாக்கில் பழம் பறித்து முடிக்கும் பருவம், வீட்டுக்கூரை எல்லாம் வட்டம் வட்டமாக வெட்டிக் காயப்போட்டிருப்பார்கள். ஒரு எச்சரிக்கை: அப்பிள் சாறும் அப்பிள் பிராந்தியும் ஒரே தட்டில்தான் நிற்கும். போத்தலைத் திருப்பி வாசித்துவிட்டு வாங்குங்கள்.

புல்லட்கோவை

மாமாவுக்குத் தனியாக ஒரு பாட்டில் வாங்கி வரவா?

நெறியாளர்

புல்லட், போதும். பொருளுக்கு வாருங்கள்.

ஊசி டாக்டர்

தாம்பரத்துச் சகோதரிக்கு. சாப்பாட்டு இழையில் மருத்துவம் பேசுவதற்கு மன்னிக்கவும், ஆனால் இங்கே இரண்டும் ஒன்றுதான்.

போக்ரா 800 மீட்டர் சொச்சம். ஒரே நாளில் அங்கிருந்து ஜீப்பில் 3,700-க்கு ஏறி ராணிபவ்வாவில் இரவு தங்குவது வயதானவர்களுக்கு நல்லதல்ல. தலைவலி, குமட்டல் வந்தால் சாப்பாடே இறங்காது, "சாப்பாடு சரியில்லை" என்று கடையைக் குறை சொல்வார்கள். முதல் இரவை மார்ஃபாவிலோ ஜோம்சோமிலோ காக்பேனியிலோ வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் 2,700, 2,800 மீட்டர் அளவுதான். மறுநாள் காலை ஏறி, சேவித்து, அங்கே மதியம் லேசாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடுங்கள். தூங்கும் உயரம்தான் முக்கியம். முடிந்தால் முதல் ஊரில் இன்னொரு நாள் கூடத் தங்கலாம். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் உடனே கீழே இறங்க வேண்டும்.

அப்பாவின் இன்சுலின்: நம் ஊர்ப் பழக்கத்தில் ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டுக்கு உட்காருவார். இங்கே சொன்ன சாப்பாடு வர ஒரு மணி நேரம் ஆகலாம் என்று மேலே எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் சர்க்கரை இறங்கிவிடும். தட்டு முன்னால் வந்த பிறகு ஊசி. உயரத்தில் பசியும் குறையும், வழக்கமான அளவு சாப்பிட மாட்டார். அளவை எப்படி மாற்றுவது என்று அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கிளம்பும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் பாக்கெட் அவர் சட்டைப்பையிலேயே இருக்கட்டும், உங்கள் பையில் வேண்டாம். இன்சுலினும் உறையக் கூடாது. இரவில் ஜன்னலோரம் வைக்காமல் உடம்போடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பூண்டு சூப் குடித்தால் மலை நோய் வராது என்று எல்லா லாட்ஜிலும் சொல்வார்கள். அதற்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லை. மாமியார் குடிக்காவிட்டால் எதையும் இழக்கவில்லை. சூடாக எது குடித்தாலும் நல்லது, அவ்வளவுதான்.

தாம்பரத்துக்காரி

டாக்டர், இது எனக்குத் தோன்றவே இல்லை. மிக்க நன்றி. இரண்டு இரவையும் காக்பேனியில் வைத்துக்கொள்கிறோம். மாமனாருக்கு அங்கே பித்ரு காரியம் செய்யவும் எண்ணம் உண்டு.

ஸ்ரீரங்கத்து மாமா

நல்ல யோசனை அம்மா. காக்பேனி சங்கமத்தில் சிராத்தம் செய்வது விசேஷம். காரியம் முடிகிற வரை கர்த்தா சாப்பிட மாட்டார், குளிரில் வயிறு காந்தும். முதல் நாள் ராத்திரியே லாட்ஜில், இத்தனை மணிக்கு, இந்த மாதிரி, என்று சொல்லி வைத்துவிடுங்கள். காலை ஆறரைக்கெல்லாம் காரியத்தைத் தொடங்கிவிடுவது உசிதம். பத்து, பதினொரு மணிக்கு மேல் அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு காற்று கிளம்பும் பாருங்கள், எள்ளும் தர்ப்பையும் கையில் நிற்காது.

போக்ராவாசி

மாமா சொன்ன காற்று சாப்பாட்டுக்கும் பொருந்தும். மொட்டைமாடியில் நீலகிரி சிகரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம் என்று ஜோம்சோமில் மேஜை போட்டிருப்பார்கள். காலையில் சரி. மதியம் அங்கே உட்கார்ந்தால் சோற்றில் மணல். விமானங்கள் காலையில் மட்டும் பறப்பதும் இந்தக் காற்றால்தான்.

அக்டோபர் என்கிறீர்கள், பஞ்சாங்கத்தைப் பார்த்தீர்களா? தசைன் அந்தச் சமயத்தில் வரும், நம் நவராத்திரிதான். விஜயதசமியை ஒட்டிய சில நாட்கள் கீழ்ப்பகுதிக் கடைகள் நிறைய மூடியிருக்கும், ஆட்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், ஜீப்பில் இடமும் கிடைக்காது. வீட்டுக்கு வீடு ஆடு வெட்டும் பண்டிகை, திறந்திருக்கும் கடையிலும் அடுப்பில் இறைச்சிதான் கொதிக்கும். உங்கள் மாமியாருக்காகவாவது அந்த வாரத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பிலியின் பேத்தி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஒரே சமையலறையில் அசைவமும் செய்வார்களே, அதற்கு என்ன வழி? ராணிபவ்வாவில் முழுச் சைவக் கடை உண்டா?

போக்ராவாசி

இந்திய யாத்திரிகர்கள் கூடிவிட்டதால் சைவம் மட்டும் என்று சொல்லும் இடங்கள் அங்கே உண்டு. ஆனால் கை மாறும், பெயர் மாறும், பருவம் முடிந்தால் மூடிவிடும். அதனால் பெயர் சொல்ல மாட்டேன். பலகையை நம்பாதீர்கள். சமையலறைக்குள் எட்டிப்பார்க்க அனுமதி கேளுங்கள், தகாலி வீடுகளில் மறுக்க மாட்டார்கள். பாத்திரம் தனியா, கரண்டி தனியா என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

சைவம் என்று நினைத்து ஏமாறும் இரண்டு: ஒன்று, மோமோ. முட்டைக்கோஸ் மோமோவாகவே இருந்தாலும் எருமைக்கறி மோமோ வெந்த அதே அடுக்குப் பாத்திரத்தில் வெந்திருக்கலாம். பட்டியலில் "பஃப்" என்றால் எருமை. பசுவதை நேபாளத்தில் சட்டப்படி குற்றம், அந்தப் பயம் வேண்டாம். இரண்டு, வைவை நூடுல்ஸ். காய்கறி மட்டும் போட்டுத் தருவார்கள், ஆனால் பாக்கெட்டுக்குள் இருக்கும் மசாலா கோழிச் சுவையுடையதாக இருக்கலாம். சைவப் பாக்கெட்டும் உண்டு. உடைக்கும் முன் உறையைக் காட்டச் சொல்லுங்கள்.

கடுகெண்ணெய் வாடை பிடிக்காதவர்கள், "நெய்யில் தாளியுங்கள், காசு சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

பந்திக்கரண்டி

பேத்தி அம்மாவுக்கு ஒரு சுலப வழி. ராணிபவ்வாவில் எதுவும் சமைக்கச் சொல்லாதீர்கள். காக்பேனியில் ராத்திரியே வெறும் சோறு சொல்லி வைத்து, விடியற்காலை சூடாக வாங்கி, ஊரிலிருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சலைப் பிசைந்து டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். சோற்றை விரித்து ஆறவிட்டு நல்லெண்ணெய் விட்டுப் பிசைய வேண்டும், சூட்டோடு மூடினால் கட்டியாகிவிடும். கோயிலில் வரிசையாகக் கொட்டும் 108 தாரையிலும் குளித்துவிட்டு வந்து நடுங்கிக்கொண்டு நிற்கும்போது ஓட்டல் தேட வேண்டாம். ஒரு கப் சூடு டீ மட்டும் வாங்கினால் போதும். சோறு கொடுத்த லாட்ஜுக்கு முழுச் சாப்பாட்டுக் காசு கொடுத்துவிடுங்கள், பேரம் வேண்டாம்.

யாழ்நடை

குளித்து வந்தபின் டீ என்பதை நானும் வழிமொழிகிறேன். விரல் விறைத்து எங்களுக்குக் கோப்பையைப் பிடிக்கவே கொஞ்ச நேரம் எடுத்தது.

தாம்பரத்துக்காரி

காசு எப்படி? இந்திய ரூபாய் வாங்குவார்களா?

புல்லட்கோவை

நூறு ரூபாய் நோட்டாகக் கொண்டுபோங்கள், வாங்குவார்கள். நம் 100 அவர்களுக்கு 160, எப்போதும் அதே கணக்கு. பெரிய நோட்டைப் பார்த்தால் தயங்குவார்கள். 2024-லிருந்து ஃபோன்பே (Fonepay) க்யூஆர் ஒட்டியிருக்கும் கடைகளில் நம் யூபிஐ வேலை செய்கிறது. இது அவர்கள் ஊர் ஃபோன்பே, நம் ஆப் இல்லை, குழம்ப வேண்டாம். மேலே மின்சாரமும் சிக்னலும் போனால் க்யூஆர் வெறும் ஸ்டிக்கர். சாப்பிட்டு முடித்துவிட்டுப் போனைத் தூக்கிக்கொண்டு சந்து சந்தாக சிக்னல் தேடுவதற்குப் போக்ராவிலேயே நேபாள நோட்டு மாற்றிக்கொள்வது மேல்.

தாம்பரத்துக்காரி

கடைசியாக ஒன்று. அம்மாவுக்கு நாள் முழுக்க வெந்நீர் வேண்டும். கேட்டால் தருவார்களா, அதற்கும் காசா?

போக்ராவாசி

மேலே வெந்நீருக்குக் காசு உண்டு, எரிவாயு அத்தனை தூரம் ஏறி வருகிறதே. பிளாஸ்க் அளவை வைத்து விலை: சிறியது, நடுத்தரம், பெரியது. ஏழு பேருக்கு ராத்திரியே பெரியதாக ஒன்று வாங்குங்கள், சிறியதாக இரண்டு மூன்று வாங்கினால் செலவு கூடும். காலையில் மிச்சமிருப்பதைச் சொந்த பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு ஜீப்பில் ஏறுங்கள். அவர்கள் பிளாஸ்கை மறந்துபோய் எடுத்து வந்துவிடாதீர்கள். அடுத்த முறை என்னைத்தான் கேட்பார்கள்.